மூச்சு வாங்கிக்கொண்டு மிதிக்கிறவர்கள்

(ஏற்காட்டில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காற்று மாசும் சைக்கிளில் வேலைக்குப் போவதும் என்று தலைப்புக் கொடுத்து, ஏற்காட்டுக்கு வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டீர்கள். எங்கள் பரிசோதனை நிலையத்தில் சொன்னேன், சிரித்துவிட்டார்கள். நல்ல காற்று வாங்கத்தானே எல்லோரும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அங்கே போகிறார்கள், அங்கே போய் நீ மாசு பற்றிப் பேசப் போகிறாயா என்று கேட்டார்கள். அதனால்தான் பேச வேண்டும் என்று தோன்றியது. மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலை நேரத்தில் லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பாருங்கள். ஊருக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மூடி போட்டது போல இருக்கும். அந்த மூடிக்குள்ளேதான் நான் தினமும் போக ஒன்பது, வர ஒன்பது என்று பதினெட்டுக் கிலோமீட்டர் மிதிக்கிறேன்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீடு மலையடிவாரத்தில், வெள்ளைக்கல் குழிகள் இருக்கிற பக்கம். சைக்கிளில் போவது உடற்பயிற்சிக்காக அல்ல. பஸ் எங்கள் தெருவுக்கு வராது. மெயின் ரோட்டுக்கு நடந்து போய், ஒரு பஸ் ஏறி, இறங்கி, இன்னொரு பஸ் ஏற வேண்டும். ஏழு மணிக்குள் போனால்தான் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ரத்தம் எடுக்க முடியும். ஸ்கூட்டி வாங்கலாம், தவணை கட்ட வேண்டும். ஆகவே சைக்கிள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. சைக்கிளும் காற்று மாசும் என்று இணையத்தில் தேடினால் வருகிற அறிவுரைகள் எல்லாம், வீட்டில் கார் இருந்தும் சைக்கிளைத் தேர்ந்தெடுத்த ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் அவரல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று கேட்டது. ஏறத்தாழ 2.6 கோடிப் பேர் சைக்கிளில் போனார்கள். மொபெட், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போனவர்களைவிட அது சற்றே அதிகம். நடந்து போனவர்கள் அதைவிட மிக அதிகம். சேலத்தில் அதிகாலை ஐந்தரைக்கு ரோட்டில் நின்று பார்த்தால் அந்த 2.6 கோடியில் ஒரு துண்டு கண்ணில் படும். கேரியரில் சோற்றுத் தூக்கு வைத்த சித்தாள், கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர், தறிக்குப் போகிறவர், துடைப்பத்தைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போகிற தூய்மைப் பணியாளர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆட்கள் வருவார்கள். ஹெல்மெட், இறுக்கமான உடுப்பு, என் ஒரு வருட வாடகை விலையில் ஒரு கியர் சைக்கிள். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு மேலே ஏறுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் டயர் பஞ்சரானபோது ஒருவர் இறங்கி வந்து பம்ப் கொடுத்தார். ஆனால் 'சைக்கிள் ஓட்டுபவர்' என்று நகராட்சியும் பத்திரிகையும் எழுதும்போது அவர் படம்தான் போடுகிறார்கள்.

சரி, காற்றுக்கு வருவோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் காற்று உள்ளே போகிறது. மிதமாக மிதித்தாலே அது 30 லிட்டரைத் தாண்டும். மேட்டில் ஏறினால் இன்னும் கூடும். அப்போது வாயால் மூச்சு வாங்குவோம், மூக்கு செய்கிற வடிகட்டல் வேலையும் போய்விடும். ஆகவே ஒரே ரோட்டில் காருக்குள் இருப்பவரும் நானும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம் என்பது பாதி உண்மைதான். அளவு வேறு. பி.எம். 2.5 என்று சொல்கிற நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது தொண்டையில் நிற்காது. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகும், அதில் ஒரு பகுதி ரத்தத்திலும் கலக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்தியா 2009-இல் வைத்த வரம்பு 40. நம் நுரையீரல் எட்டு மடங்கு உறுதியானது என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.

சேலத்துக்கு இன்னொரு சங்கடம் உண்டு. வடக்கே இந்தச் சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. ஊர் ஒரு வட்டிலுக்குள் இருக்கிறது. இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு படலமாக நிற்கும். வெயில் ஏறித் தரை சூடாகும் வரை கீழே உள்ள புகை மேலே போக வழியில்லை. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைதான் சுத்தமான காற்று என்று நம் தாத்தாக்கள் சொன்னது, லாரியும் குப்பைமேடும் இல்லாத காலத்துக்குச் சரி. பகலில் வெயில் ஏறினால் காற்று சரிவை ஒட்டி மேலே ஏறும். ஆகவே ஏற்காட்டுத் தோழர்கள் ரொம்பவும் நிம்மதியடைய வேண்டாம், மத்தியானத்துக்குள் கொஞ்சம் உங்களுக்கும் வந்து சேரும்.

மலை ரோட்டையும் சொல்ல வேண்டும். ஏறும்போது வண்டிகள் தாழ்ந்த கியரில், முழுச் சுமையோடு கரும்புகை விடும். இறங்கும்போது புகை குறைவு, ஆனால் வளைவுக்கு வளைவு பிரேக் கட்டை தேய்ந்து கருகும் வாசனை வருகிறதே, அதுவும் துகள்தான். மின்சார வண்டி வந்தாலும் டயர் தேய்கிற தூசு போகாது.

நான் வளர்ந்தது வேறொரு தூசில். அடிவாரத்துக்கு மேற்கே உள்ள வெள்ளை மேடுகளை வெள்ளைக்காரன் 'சாக் ஹில்ஸ்', அதாவது சுண்ணாம்புக்கட்டிக் குன்றுகள் என்று பெயர் வைத்தான். அது சுண்ணாம்பே இல்லை. மாக்னசைட். கருங்கல்லுக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிற வெள்ளைக்கல். அதை வெட்டி, சூளையில் சுட்டால் கரியமில வாயு போய் மக்னீசியா மிஞ்சும். இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் அதில்தான் செய்கிறார்கள். 1979-இல் டான்மாக் என்ற தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனம் வந்தது, அதற்கு முன்பே தனியார் வெட்டினார்கள். என் அப்பா ஒரு தனியார் சூளையில் கல் கொட்டினார். வீட்டுக்கு வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் எங்களுக்கு அது விளையாட்டு, 'தாத்தா வந்துட்டாரு' என்று கத்துவோம். நாற்பத்தெட்டு வயதில் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பீடி குடிப்பவர்' என்று எழுதினார்கள். குடித்தார்தான். சூளையில் எத்தனை வருடம் நின்றார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சீட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இந்த மலையின் தலையிலும் வெட்டினார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மேட்டூரில் இருந்த மெட்ராஸ் அலுமினிய நிறுவனத்துக்கான பாக்சைட் இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் போனது. 2008-இல் அலுமினிய உற்பத்தி நின்றது. மேலே மலையாளிப் பழங்குடிகளின் நிலத்தடியில் செம்மண், கீழே எங்கள் சேரியின் பக்கத்தில் வெண்மண். நிறம்தான் வேறு.

இனி, சமாளிப்பது எப்படி என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கைக்குட்டை கட்டினால் மண் தூசு கொஞ்சம் நிற்கும், நுண்துகள் நிற்காது. நனைத்துக் கட்டினாலும் அப்படித்தான். துணி முகக்கவசமும் பெரிதாக உதவாது. என்95 முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டினால் துகளில் பெரும்பகுதியைத் தடுக்கும், ஆனால் புகையில் இருக்கிற வாயுக்களைத் தடுக்காது. மேட்டில் அதைப் போட்டுக்கொண்டு மிதிப்பது கடினம். நான் மேடு வந்தால் இறங்கித் தள்ளுவேன், கழற்ற மாட்டேன். சிக்னலில் பஸ்ஸின் பின்னால் நிற்காதீர்கள். முன்னால் போய் நில்லுங்கள், முடியாவிட்டால் நாலு வண்டி தள்ளிப் பின்னால் நில்லுங்கள். வேகமாக மிதித்தால் சீக்கிரம் தப்பிக்கலாம் என்று நினைப்போம், மூச்சும் அதே அளவு கூடும். நிதானமாகப் போங்கள். வீடு திரும்பியதும் முகமும் மூக்கும் கழுவுங்கள்.

ஆனால் நிபுணர்கள் ஒத்துக்கொள்கிற சிறந்த வழி இவை எதுவும் இல்லை. பாதையை மாற்றுவதுதான். லாரி ஓடுகிற சாலையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் தள்ளி, மரமும் வீடும் உள்ள உள்தெருவில் போனால் வண்டிப் புகையின் துகள் பல மடங்கு குறையும். செலவே இல்லாத யோசனை. நான் நிறுத்தி நிதானமாகப் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

எங்கள் பகுதியிலிருந்து நகரத்துக்கு வர இரண்டு வழி. ஒன்று டிப்பர் லாரி ஓடுகிற ரோடு. தார் தெரியாத அளவுக்கு ஓரத்தில் வெள்ளைப் புழுதி. இன்னொன்று உள்ரோடு. புளியமரம், வேப்பமரம், இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில். கிலோமீட்டரும் ஒன்றரை குறைவு. எந்த வழி நல்லது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். ஆனால் அந்த உள்ரோடு ஊருக்குள் போகிறது. ஊர் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். நாங்கள் இருப்பது ஊர் அல்ல, நாங்கள் இருப்பது காலனி.

என் அம்மா பிறந்த ஊர் ஆத்தூர் பக்கம். அங்கே என் தாத்தா ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்குவார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளிப் போவார். அந்தக் கடைசி வீடு தாண்டியதும் ஏறுவார். நாளடைவில் அதுவும் வேண்டாம் என்று ஓடைக் கரையோரமாகச் சுற்றிப் போகப் பழகினார். இதையெல்லாம் கேட்டால் பழைய கதை என்று தோன்றும். தீண்டாமை ஒழிப்பு முன்னணி தமிழ்நாட்டில் நடத்திய கள ஆய்வுகளை எடுத்துப் பாருங்கள், ஊர்த்தெருவில் தலித்துகள் சைக்கிள் ஓட்டத் தடை என்பது இரட்டைக் குவளைக்குப் பக்கத்திலேயே பட்டியலில் இருக்கும். இன்னும் சொல்கிறேன். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியே எழுதியிருக்கிறார்கள். செருப்பு அணிவது, புது உடை உடுத்துவது, கல்யாண ஊர்வலம் போவது எல்லாம் அதே பிரிவில் வருகிறது. செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய பிறகு, சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்காதே என்று ஒரு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்கு முன்னால் நூறு வருடப் போராட்டம் இருக்கிறது. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் எல்லாவற்றையும் எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். அரசாணையும் வந்தது. அதே வருடம்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் நடப்பதற்கான போராட்டம், பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். பிறகு அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் உறுப்பு, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லியே எழுதியது. சாலை என்பது அந்த வரிசையில் ஏதோ எண்ணிக்கைக்குச் சேர்த்த சொல் அல்ல. சாலையில் நடக்கிற உரிமைக்காக ஆட்கள் அடிபட்டிருக்கிறார்கள்.

எனக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. 2001-02-இல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பிறகுதான் எல்லாருக்கும் விரிந்தது. தொடக்க வருடங்களிலேயே பதினோராம் வகுப்பில் எனக்கும் கிடைத்தது. பெல் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று பேசுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதில்லை, காலையில் ஆறு மணிக்கு என்னோடு வந்து ஒரு நாள் மிதிக்கச் சொல்வேன். அதற்குப் பத்து வருடம் முன்பு புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை முன்னெடுத்தார், பி. சாய்நாத் எழுதியதால் உலகத்துக்குத் தெரிந்தது. கேலி பேசியவர்கள் இருந்தார்கள், அவர்கள் ஓட்டினார்கள். அந்த வரலாறு நமக்கு இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து கடன் வாங்க வேண்டியதில்லை.

இந்த வருடம் என் மகள் பதினோராம் வகுப்பு. அவளுக்கும் சைக்கிள் வந்தது. எனக்குச் சந்தோஷம், கூடவே கணக்கும் ஓடியது. பதினாறு வயதில் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். அந்த வயதில் கெட்ட காற்றில் வளர்ந்தால், வளர வேண்டிய அளவு வளராமலே நின்றுவிடலாம். அப்பாவைப் பார்த்த கண் எனக்கு. பஸ்ஸிலேயே போ என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பி.எம். 2.5 நூறு மைக்ரோகிராம் இருக்கிற ஊரில்கூட, தினமும் ஒன்றரை மணி நேரம் சைக்கிள் ஓட்டும் வரை உடம்புக்குக் கிடைக்கும் நன்மை மாசின் தீமையைவிட அதிகம், அதற்கு மேல்தான் தராசு சாய்கிறது. மகள் போக வர நாற்பது நிமிடம். ஆகவே ஓட்டலாம். ஆனால் அந்தக் கணக்கு வளர்ந்தவர்களை வைத்துப் போட்டது, ஊருக்கு ஒரு சராசரியை வைத்துப் போட்டது. டிப்பரின் பின்னால் ஓடுகிற பிள்ளைக்கு எந்தச் சராசரி?

அப்படியானால் உள்ரோட்டில் போ என்றேன். மூன்று நாள் போனாள். நாலாவது நாள் லாரி ரோட்டிலேயே வந்தாள், பள்ளிச் சீருடையில் வெள்ளையாகப் புழுதி. ஏன் என்றேன். "சும்மா கேட்டுக்கிட்டே இருக்காங்கம்மா" என்றாள். டீக்கடைத் திண்ணையில் ஒருவர், "யாரூட்டுப் புள்ள நீ? எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். யாரும் அடிக்கவில்லை, சைக்கிளைப் பிடிக்கவில்லை. அந்தக் கேள்வி போதும். பதில் சொன்னாலும் சிக்கல், சொல்லாமல் போனாலும் திமிர் என்பார்கள். மறுநாள் இரண்டு பையன்கள் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவீர்கள்? தடுக்கவில்லையே, பார்த்தார்கள், கேட்டார்கள், சிரித்தார்கள். அவ்வளவுதான். என் மகள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறாள் என்பதை அந்தத் திண்ணை தீர்மானித்துவிட்டது.

தோழர்களே, பொதுவாகச் சாதியும் சுற்றுச்சூழலும் என்று பேசினால் குப்பைமேடு எங்கே இருக்கிறது, சாக்கடை எங்கே போகிறது என்று பேசுவோம். பேச வேண்டியதுதான். ஆனால் நல்ல காற்று எங்கே இருக்கிறது, அங்கே யார் போகலாம் என்றும் கேட்க வேண்டும். என் தாத்தா சாதிக்குப் பயந்து நல்ல வழியை விட்டுச் சுற்றிப் போனார். மாசுக்குப் பயந்து நான் அதே வழியில் போக நினைத்தால், அது இப்போதும் திண்ணையைத் தாண்டித்தான் போகிறது. தீட்டு என்ற சொல்லை அவர்கள் நம் மேல் போட்டார்கள். மாசு என்ற சொல்லும் சுற்றி வந்து நம் நெஞ்சுக்குள்ளேயே விழுகிறது.

குப்பைமேடு என்றேன். சேலம் மாநகராட்சியின் குப்பை செட்டிச்சாவடிக்கு வருகிறது, இந்த மலை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில். அங்கே தீப்பிடித்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருமும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. அந்த வருடம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் என்று உத்தரவு போட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. தெருவில் சருகைக் குவித்துத் தீ வைக்கிற கை யாருடையது? கொங்குப் பக்கமும் சேலத்திலும் பெரும்பாலும் அருந்ததியர் கை. வண்டி வராது, தொட்டி நிறைந்திருக்கும், மேஸ்திரி எட்டு மணிக்குள் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். எரிக்காமல் என்ன செய்வார்? அபராதம் என்றால் அவர் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. அந்தப் புகையை முதலில் குடிப்பவரும் அவரே. அவரும் சைக்கிளில்தான் வந்தார்.

2013-இல் லண்டனில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி ஆஸ்துமாவில் இறந்தாள். வீடு ஒரு பெரிய வட்டச் சாலையின் ஓரத்தில் இருந்தது. அவள் அம்மா ரோசமண்ட் ஆசிரியை. மகள் எப்படிச் செத்தாள் என்று எழுதிக் கொடுங்கள் என்று ஏழு வருடம் விடாமல் கேட்டார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் காரணம் என்று எழுதினார். பிரிட்டனில் அப்படி எழுதப்பட்டது அதுதான் முதல் முறை. அந்தத் தீர்ப்புக்கு உதவிய ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவள் வீட்டிலிருந்து சுமார் ஒரு மைல் தொலைவிலேயே அரசின் காற்று அளவிடும் கருவி இருந்தது. எந்த நாள் எவ்வளவு மாசு, எந்த நாள் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. என் அப்பாவுக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

சேலத்தில் தொடர்ந்து அளக்கிற கருவி கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அது காட்டும் எண்ணை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்க்கலாம், பாருங்கள். ஆனால் அது அந்த வளாகத்துக் காற்றின் எண். செட்டிச்சாவடியின் எண் அல்ல, டிப்பர் ரோட்டின் எண் அல்ல, சூளையின் எண் அல்ல. தூய காற்று என்பது 21-ஆவது உறுப்பு தருகிற வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கிலேயே சொல்லிவிட்டது. அந்த உரிமையைக் கேட்டுப் போனால் முதலில் கேட்கப்படுவது, ஆதாரம் எங்கே என்றுதான். அளக்காத இடத்தில் மாசு கிடையாது என்று கோப்பில் எழுதிவிடலாம். ஆகவே முதல் கோரிக்கையாக நான் கேட்பது முகக்கவசம் அல்ல. அளவிடும் கருவியைக் காலனித் தெருவிலும் குப்பைமேட்டின் காற்றுப் பக்கத்திலும் வை. எண்ணைத் தமிழில் ரேஷன் கடைச் சுவரில் எழுது. டிப்பரை மூடிக் கொண்டுபோ, ரோட்டில் தண்ணீர் தெளி, பள்ளி விடுகிற நேரத்தில் ஓட்டாதே. கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிக்க ஆள் போடு, எரிக்கச் சொன்ன அதிகாரியிடம் அபராதம் வாங்கு. இதில் ஒன்றுகூட ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். நாங்கள் ஒரு முறை வைத்தோம், பதிவேட்டில் ஏற்றவில்லை, அடுத்த முறையும் வைப்போம்.

மகளைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். காலனியிலிருந்து அந்தப் பள்ளிக்கு ஐந்து பெண் பிள்ளைகள் போகிறார்கள். இப்போது ஐந்து பேரும் சேர்ந்து உள்ரோட்டில் போகிறார்கள். முதல் இரண்டு வாரம் நானும் என் தம்பி மனைவியும் மாறி மாறிக் கூடப் போனோம். எனக்கு வேலைக்கு அரை மணி தாமதம், சம்பளத்தில் பிடித்தார்கள். டீக்கடையில் அதே ஆள் என்னிடமும் கேட்டார். இறங்காமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, காலனிப் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அவர் டம்ளரைப் பார்த்தார். அந்த ஊரிலிருந்து ஒரு பெண் பிள்ளையும் இவர்களோடு சேர்ந்து ஓட்ட ஆரம்பித்திருக்கிறாள் என்று மகள் சொல்கிறாள். அவள் வீட்டில் இன்னும் தெரியாதாம். தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் கவலைதான். மோட்டார் சைக்கிள் பையன்கள் இரண்டு நாளாகக் காணோம், போய்விட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

நேரமாகிவிட்டது. கேள்வி இருந்தால் சீக்கிரம் கேளுங்கள், கீழே போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சைக்கிளைக் கொண்டுவந்திருக்கலாமே என்று வரும்போதே ஒரு தம்பி கேட்டார். இருபது வளைவுக்கு அரசாங்க சைக்கிளின் பிரேக் தாங்காது தம்பி.